விரைவு அடுக்கேற்றத்தின் தொடக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரைவு அடுக்கேற்றம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு எண்ணை அதே எண்ணால் மீண்டும் மீண்டும் பெருக்கிப் பெறுவதை அந்த எண்ணின் அடுக்கு என்கிறோம். 3-இன் 13-ஆம் அடுக்கு வேண்டுமென்றால், வரையறையை அப்படியே பின்பற்றுபவர் 12 முறை பெருக்க வேண்டியிருக்கும். ஆனால் 3-ஐ வர்க்கமாக்கினால் 9, அதை வர்க்கமாக்கினால் 81, அதையும் வர்க்கமாக்கினால் 6561. இவை முறையே 2-ஆம், 4-ஆம், 8-ஆம் அடுக்குகள். 13 என்பது 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை என்பதால் 6561, 81, 3 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1594323 என்ற விடை கிடைத்துவிடுகிறது. மூன்று வர்க்கங்களும் இரண்டு பெருக்கல்களுமாக ஐந்தே செயல்களில் வேலை முடிகிறது.

அடுக்கு சிறியதாக இருக்கும்போது இந்தச் சேமிப்பு பெரிதாகத் தெரியாது. அடுக்கு வளர வளரத்தான் இதன் அருமை விளங்கும். 1000-ஆம் அடுக்குக்கு 999 பெருக்கல்களுக்குப் பதிலாக 14 போதும். அடுக்கு இருமடங்கானால் வேலை இருமடங்காவதில்லை. ஒரே ஒரு வர்க்கம்தான் கூடுகிறது.

இந்த முறைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று எது?

பிங்கலரின் சந்த சூத்திரம். சந்த சாஸ்திரம் என்றும் வழங்கும் இந்நூல் கி.மு. 200-க்கு முற்பட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இது கணித நூலன்று, வடமொழிச் செய்யுள்களின் யாப்பை வகுத்துரைக்கும் இலக்கண நூல். இதன் எட்டாம் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில், அடுத்தடுத்து வரும் நான்கு குறுஞ்சூத்திரங்களில், 2-இன் எந்த அடுக்கையும் விரைந்து கணக்கிடும் வழி முழுமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இது முதன்முதலில் கணக்கு நூல் ஒன்றில் தோன்றாமல் இலக்கண நூல் ஒன்றில் தோன்றியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதற்கான காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

யாப்பிலக்கணத்துக்கு 2-இன் அடுக்குகள் எதற்கு?

வடமொழி யாப்பில் ஒவ்வோர் அசையும் இலகு அல்லது குரு என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். இலகு என்பது குறுகி ஒலிப்பது, குரு என்பது நீண்டு ஒலிப்பது. (தமிழ் யாப்பின் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அந்தப் பாகுபாடு வேறு.) ஓரடியில் ஆறு அசைகள் வரும் என்றால், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வாய்ப்புகள் வீதம் மொத்தம் எத்தனை வடிவங்கள் அமையலாம் என்பது இலக்கணக்காரருக்கு இயல்பாகவே எழும் கேள்வி. விடை 2-இன் 6-ஆம் அடுக்கு, அதாவது 64.

பிங்கலர் இந்த வடிவங்களைப் பற்றி ஒரு முழு வரிசைக் கேள்விகளுக்கு விடை சொல்கிறார். எல்லா வடிவங்களையும் விடுபடாமல் வரிசையாக எழுதுவது எப்படி? வரிசை எண்ணை மட்டும் சொன்னால் அந்த வடிவத்தை மீட்பது எப்படி? வடிவத்தைச் சொன்னால் அதன் வரிசை எண்ணைக் காண்பது எப்படி? எழுதிப் பார்க்காமலே மொத்த எண்ணிக்கையைச் சொல்வது எப்படி? விரைவு அடுக்கேற்றம் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையாக வருகிறது.

யாப்பு நூல்கள் அடிக்கு 26 அசை வரையிலான விருத்தங்களை வகைப்படுத்துகின்றன. 2-இன் 26-ஆம் அடுக்கு 67108864. ஒவ்வொன்றாக இரட்டித்துக்கொண்டே போனால் வழியில் ஓரிடத்தில் தவறினாலும் அதற்குப் பிந்தைய அத்தனையும் பிழையாகிவிடும். செயல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது இங்கே நேரத்தை மிச்சப்படுத்துவதோடு விடையின் நம்பகத்தையும் காக்கிறது.

அந்த நான்கு சூத்திரங்கள் என்ன சொல்கின்றன?

அவை மிகச் சுருக்கமானவை: "த்விரர்தே", "ரூபே சூன்யம்", "த்வி: சூன்யே", "தாவதர்தே தத்குணிதம்". முதலிரண்டும் குறிகளை இடச் சொல்கின்றன. பின்னிரண்டும் அந்தக் குறிகளைக் கொண்டு கணக்கிடச் சொல்கின்றன.

அசைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கி "இரண்டு" என்று குறியிடுங்கள். பாதியாக்க முடியாதபோது ஒன்றைக் கழித்து "சூன்யம்" என்று குறியிடுங்கள். எண் தீரும் வரை இதைச் செய்த பின், 1-இலிருந்து தொடங்கிக் குறிகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பப் படியுங்கள். சூன்யம் வந்தால் கையிலுள்ளதை இரட்டியுங்கள். இரண்டு வந்தால் கையிலுள்ளதை அதனாலேயே பெருக்குங்கள்.

6-ஐ எடுத்துச் செய்து பார்க்கலாம். 6-இன் பாதி 3, குறி இரண்டு. 3-ஐப் பாதியாக்க முடியாது. ஒன்று கழிக்க 2, குறி சூன்யம். 2-இன் பாதி 1, குறி இரண்டு. 1-இல் ஒன்று கழிய ஒன்றுமில்லை, குறி சூன்யம். இப்போது திரும்பி வருவோம். 1-ஐ இரட்டிக்க 2, வர்க்கமாக்க 4, இரட்டிக்க 8, வர்க்கமாக்க 64.

26-க்குச் செய்தால் இதன் வீச்சு இன்னும் தெளிவாகும். எண் 26, 13, 12, 6, 3, 2, 1 என்று இறங்கித் தீர்கிறது, ஏழே குறிகள். திரும்பி வரும்போது 2, 4, 8, 64, 4096, 8192 என்று ஏறி, கடைசியாக 8192-ஐ வர்க்கமாக்கும்போது 67108864 வந்து நிற்கிறது. இதற்கு அடுத்த சூத்திரமும் கவனிக்கத் தக்கது. ஓரசை முதல் அந்த எண்ணிக்கை வரையிலான எல்லா வடிவங்களின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால், கடைசி எண்ணை இரட்டித்து இரண்டைக் கழிக்கச் சொல்கிறது அது. ஆறசை வரை 126; இருபத்தாறு அசை வரை 134217726.

இவ்வளவு சுருக்கமான சூத்திரங்களுக்கு இதுதான் பொருள் என்று எப்படித் தெரியும்?

"த்விரர்தே", அதாவது "பாதியில் இரண்டு" என்ற அளவிலான சொற்றொடரை உரையின்றிப் புரிந்துகொள்வது கடினம் என்பது உண்மைதான். சூத்திர நூல்கள் எல்லாமே ஆசிரியரிடம் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை; விளக்கம் மரபு வழியாக வந்தது. 10-ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய மிருதசஞ்சீவனி என்ற உரை இந்த நான்கு சூத்திரங்களையும் ஆறசைக் காயத்திரி அடியைக் கொண்டு படிப்படியாக விளக்குகிறது. மேலே நாம் செய்து பார்த்ததும் அந்தக் கணக்கைத்தான்.

உரை பிற்காலத்தது என்பதால் முறையும் பிற்காலத்தது என்று முடிவுகட்ட முடியாது. பாதியாக்கல், ஒன்று கழித்தல், சூன்யம், இரண்டு, தன்னாலேயே பெருக்கல் ஆகிய எல்லாக் கூறுகளும் மூலச் சூத்திரங்களிலேயே இருக்கின்றன. இவற்றை வேறு எந்த ஒழுங்கில் கோத்தாலும் சரியான விடை வருவதில்லை.

அப்படியானால் பிங்கலர் இரும எண்முறையையும் சுழியத்தையும் கண்டுபிடித்துவிட்டாரா?

இங்கே அளவோடு பேச வேண்டும். சூத்திரத்தில் வரும் சூன்யம் ஒரு குறி. "இரண்டு" என்பதும் ஒரு குறிதான். அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டு சொற்களை வைத்திருந்தாலும் கணக்கு மாறியிருக்காது. சுழியத்தை எண்ணாகக் கொண்டு கூட்டல், கழித்தல் விதிகள் வகுத்ததை 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரிடம்தான் காண்கிறோம். ஆயினும் வேறுபடுத்திக் காட்டுவதற்கு "சூன்யம்" என்ற சொல்லே ஆசிரியரின் கைக்கு எளிதாக வந்திருக்கிறது என்பது வரலாற்றில் குறித்து வைக்க வேண்டிய செய்தி.

0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எண்களை எழுதும் இரும எண்முறை பற்றியும் இதையே சொல்வேன். 26-ஐ இரும முறையில் எழுதினால் 11010. பிங்கலரின் குறிகளைக் கடைசியிலிருந்து படித்தால், ஒவ்வொரு சூன்யமும் இதிலுள்ள ஓர் 1-க்கும், ஒவ்வொரு வர்க்கமும் ஓரிடம் நகர்தலுக்கும் சரியாகப் பொருந்துகிறது. அடுக்கை இரும இலக்கங்களாகப் பிரிக்கும் வேலையை அவருடைய படிமுறை செய்துவிடுகிறது. ஆனால் எண்களை எழுதுவதற்கான ஒரு முறையாக அவர் அதை முன்வைக்கவில்லை. அந்த எண்முறையைத் தனியே எடுத்து அதன் கணக்கு விதிகளை விளக்கி 1703-இல் கட்டுரை வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். பிங்கலருக்கு உரிய பெருமை வேறொன்று, என் மதிப்பீட்டில் அதைவிடப் பெரியது. ஒரு வேலையைப் பாதியளவு வேலையாகக் குறைத்து, அந்தப் பாதியையும் மீண்டும் பாதியாக்கி, எப்போது எதைச் செய்தோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பி வரும் ஒரு முழுமையான படிமுறையை அவர் தந்திருக்கிறார்.

எகிப்தியர்கள் இதை அதற்கும் முன்பே அறிந்திருந்தார்கள் என்கிறார்களே?

அவர்கள் அறிந்திருந்தது இதன் உடன்பிறப்பான பெருக்கல் முறையை. கி.மு. 2-ஆம் ஆயிரமாண்டின் நடுப்பகுதியில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த எகிப்தியக் கணக்கு ஏடான ரைண்டு பப்பைரசில், பெருக்கல் என்பது இரட்டித்தலும் கூட்டலுமாகவே செய்யப்படுகிறது. 2801-ஐ 7-ஆல் பெருக்க, 2801, அதன் இரட்டிப்பு 5602, அதன் இரட்டிப்பு 11204 ஆகிய மூன்றையும் எழுதிக் கூட்டுகிறார்கள், 19607 வருகிறது. இங்கே "கூட்டு" என்ற இடங்களில் எல்லாம் "பெருக்கு" என்று மாற்றி வைத்தால் நமக்குத் தெரிந்த விரைவு அடுக்கேற்றம் வந்துவிடும். இன்றைய இயற்கணிதப் பார்வையில் இரண்டும் ஒன்றே.

ஆனால் அந்த மாற்றத்தை எகிப்தியர் செய்ததற்குச் சான்று இல்லை. சொல்லப்போனால் மேலே காட்டிய கணக்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பப்பைரசின் 79-ஆம் கணக்கு. வீடுகள், பூனைகள், எலிகள் என்று 7, 49, 343, 2401, 16807 ஆகிய 7-இன் அடுக்குகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே இரட்டித்தல் முறை நடக்கிறது. அடுக்குகளோ ஒவ்வொன்றாக 7-ஆல் பெருக்கியே பெறப்படுகின்றன. அங்கே எல்லா அடுக்குகளும் கூட்டுத்தொகைக்குத் தேவைப்பட்டதால் இடையில் உள்ளவற்றைத் தாண்டிச் செல்ல அவர்களுக்குத் தேவையும் எழவில்லை.

பிங்கலருக்குப் பின் இந்தியாவில் இந்த முறை என்ன ஆயிற்று?

யாப்பை விட்டு வெளியேறிக் கணக்கு நூல்களுக்குள் வந்தது. அப்படி வரும்போது ஒரு முக்கியமான விரிவும் ஏற்பட்டது: 2-க்கு மட்டும் இருந்த விதி எந்த எண்ணுக்கும் உரியதாயிற்று. ஏறத்தாழ கி.பி. 850-இல் எழுதப்பட்ட கணிதசாரசங்கிரகத்தில் கணித அறிஞர் மகாவீரர் பெருக்குத்தொடரின் கூட்டுத்தொகையைக் காண இதைப் பயன்படுத்துகிறார். 1150-இல் லீலாவதியை எழுதிய பாஸ்கரர், குறிகளின் பெயரையும் மாற்றிவிடுகிறார். உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றையானால் ஒன்று கழித்து "குணகம்" என்றும், இரட்டையானால் பாதியாக்கி "வர்க்கம்" என்றும் குறித்து, பின் கடைசியிலிருந்து திரும்பி வரச் சொல்கிறார். பிங்கலரின் "சூன்யம்", "இரண்டு" என்ற புதிர்க் குறிகளை விட இவை நேரடியானவை. என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறியே சொல்லிவிடுகிறது.

லீலாவதியின் எடுத்துக்காட்டு ஒன்று அழகானது. ஒருவர் இரவலருக்கு முதல் நாள் இரண்டு சோழிகள் கொடுத்து, நாள்தோறும் இருமடங்காகத் தருவதாக வாக்களிக்கிறார். ஒரு மாதத்தில் எவ்வளவு கொடுத்திருப்பார்? 30-ஐ இறக்குவோம். 30 பாதியாகி 15, வர்க்கம். 15 ஒன்று குறைந்து 14, குணகம். 7, வர்க்கம். 6, குணகம். 3, வர்க்கம். 2, குணகம். 1, வர்க்கம். பின் ஒன்றுமில்லை, குணகம். திரும்பும்போது 2, 4, 8, 64, 128, 16384, 32768, 1073741824. இதில் ஒன்றைக் குறைத்து முதல் உறுப்பான 2-ஆல் பெருக்கினால் 2147483646 சோழிகள். 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம், 16 திரம்மம் ஒரு நிஷ்கம் என்ற அந்நூலின் வாய்பாட்டின்படி இது 104857 நிஷ்கம், 9 திரம்மம், 9 பணம், 2 காகிணி, 6 சோழி. 29 முறை இரட்டிக்க வேண்டிய இடத்தில் நான்கு வர்க்கங்களும் மூன்று இரட்டிப்புகளுமே உண்மையில் தேவைப்பட்டன. முதல் படியில் 1-ஐ 2-ஆல் பெருக்குவதை ஒரு வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

சமண நூல்களிலும் இதைப் பற்றிய செய்தி உண்டா?

நெருங்கிய தொடர்புடைய இரண்டு கருத்துகள் உண்டு. அனுயோகத்துவார சூத்திரத்தில் மிகப் பெரிய எண் ஒன்று "ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கப்பட்ட ஆறாம் வர்க்கம்" என்றும், "96 முறை பாதியாக்கத் தக்கது" என்றும் இருவகையில் சுட்டப்படுகிறது. 2-ஐ அடுத்தடுத்து வர்க்கமாக்கினால் ஐந்தாவதாக வருவது 2-இன் 32-ஆம் அடுக்கு, ஆறாவதாக வருவது 64-ஆம் அடுக்கு. இரண்டையும் பெருக்கினால் 96-ஆம் அடுக்கு. வர்க்கங்களின் வழியே பெரிய அடுக்குகளைக் கட்டுவதும், அடுக்குகள் கூடுவதும் இந்த ஒரே தொடரில் அடங்கியிருக்கின்றன.

9-ஆம் நூற்றாண்டில் தவளா என்ற உரையை எழுதிய வீரசேனர், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு "அர்த்தச்சேதம்" என்றே பெயரிட்டு அதற்கு விதிகளும் தருகிறார். இன்றைய சொல்லில் அது 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. விரைவு அடுக்கேற்றத்தில் எத்தனை வர்க்கங்கள் வேண்டும் என்பதை அளக்க இன்று நாம் பயன்படுத்தும் அளவையும் இதுவே.

இந்தியாவுக்கு வெளியே இது எப்போது காணப்படுகிறது?

கி.பி. 952-இல் தமாஸ்கஸில் அல்-உக்லிதிசி இந்தியக் கணக்கு முறையைப் பற்றி எழுதிய நூலில், 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக இரட்டிக்காமல் விரைந்து காணும் வழி தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. அங்கே யாப்பின் இடத்தைச் சதுரங்கப் பலகை எடுத்துக்கொண்டது. முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களை நிரப்பினால் மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு அது.

ஏறத்தாழ கி.பி. 1000-இல் அல்-பிரூனி இதே கணக்குக்குத் தரும் தீர்வு என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. அவர் இரண்டு விதிகளைச் சொல்கிறார். ஒரு கட்டத்திலுள்ள எண்ணை வர்க்கமாக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தொலைவோ அதே அளவு அதற்கு அப்பால் இருக்கும் கட்டத்தின் எண் வரும் என்பது முதல் விதி. ஒரு கட்டத்தின் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் வரும் என்பது இரண்டாவது. 5-ஆம் கட்டத்தில் 16; வர்க்கமாக்கினால் 9-ஆம் கட்டத்தின் 256; மீண்டும் வர்க்கமாக்கினால் 17-ஆம் கட்டத்தின் 65536; பிறகு 33-ஆம் கட்டம்; பிறகு பலகையிலேயே இல்லாத 65-ஆம் கட்டம். இல்லாத அந்தக் கட்டத்தின் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் பலகை முழுவதன் தானியம் 18446744073709551615. நான்கு வர்க்கங்களும் ஒரு கழித்தலும் மட்டுமே.

இந்தக் கணக்கில் 64 என்ற எண் வசதியாக அமைந்துவிட்டது. இடையில் ஒற்றை எண் வருவதே இல்லை. எந்த எண்ணுக்கும் எந்த அடுக்குக்கும் பொருந்தும்படியான வேறொரு வழியை 1427-இல் அல்-காஷி எழுதினார். பிங்கலர் வழியில் அடுக்கை மேலிருந்து, அதாவது அதன் இரும வடிவத்தை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அல்-காஷியின் வழி வலமிருந்து இடமாகச் செல்வது: அடிமானத்தை வர்க்கமாக்கிக்கொண்டே போய், தேவையான வர்க்கங்களை மட்டும் விடையோடு பெருக்கிச் சேர்ப்பது. எகிப்தியப் பெருக்கலின் அமைப்பும் இதுவே. இந்த வழியில் திரும்பி வரும் பயணம் இல்லை. குறிகளை எழுதி வைக்கவும் வேண்டாம். அதற்கு ஈடாக, விடை, வர்க்கம் என இரண்டு எண்களை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் யார் பயன்படுத்தினார்கள்?

குறிப்பாகச் சொல்ல வேண்டியவர் கணித அறிஞர் ஆய்லர். அடுக்குகளை ஓர் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் மீதிகளைப் பற்றி அவர் எழுதி 1761-இல் அச்சான கட்டுரையில், 7-இன் 160-ஆம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் வரும் மீதி என்ன என்ற கணக்கு இருக்கிறது. 7-இன் 160-ஆம் அடுக்கு 136 இலக்கங்கள் கொண்ட எண். அதை எழுதிப் பார்த்து வகுப்பது வீண்வேலை. ஒவ்வொரு வர்க்கத்துக்கும் பின் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் கையில் வைக்கும் எண் ஒருபோதும் மூன்று இலக்கத்தைத் தாண்டாது.

7-இன் 4-ஆம் அடுக்கு 2401, மீதி 478. அதை வர்க்கமாக்கி மீதி எடுத்தால் 8-ஆம் அடுக்குக்கு 288. அப்படியே 16-ஆம் அடுக்குக்கு 255, 32-ஆம் அடுக்குக்கு 284, 64-ஆம் அடுக்குக்கு 531, 128-ஆம் அடுக்குக்கு 562. 160 என்பது 128-உம் 32-உம் சேர்ந்தது. 562-ஐ 284-ஆல் பெருக்கி வகுத்தால் மீதி 640. அதாவது 641-க்கு ஒன்று குறைவு. ஒரு தாளில் கால்மணி நேரத்தில் யாரும் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கவும் வேண்டும்.

641 ஆய்லருக்குப் பழகிய எண். 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது பகா எண் என்று அவருக்கு முந்தைய கணித அறிஞர் ஃபெர்மா கருதியிருக்க, அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் காட்டியவர் அவர். மீதியோடு கூடிய இந்த விரைவு அடுக்கேற்றம் இல்லாமல் பெரிய எண்களின் பகாத்தன்மையைச் சோதிக்கும் பிற்கால முறைகள் எவையும் நடைமுறைக்கு வந்திருக்க முடியாது.

வர்க்கமாக்கும் இந்த முறைதான் மிகக் குறைந்த பெருக்கல்களைத் தருகிறதா?

எப்போதும் இல்லை. அது தோற்கும் மிகச் சிறிய அடுக்கு 15. பிங்கலர் வழியில் 2, 3, 6, 7, 14, 15 என்ற அடுக்குகள் வழியாக ஆறு பெருக்கல்கள் ஆகின்றன. 2, 3, 6, 12, 15 என்று போனால் ஐந்தே போதும். 12-ஆம் அடுக்கையும் முன்பே கையிலிருக்கும் 3-ஆம் அடுக்கையும் பெருக்குவதுதான் இங்குள்ள நுணுக்கம்.

குறைந்தது எத்தனை பெருக்கல்கள் வேண்டும் என்ற கேள்வி 1894-இல் பிரெஞ்சுக் கணித இதழ் ஒன்றில் வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. 1937-இல் ஆர்னால்ட் ஷோல்ஸ் இதைக் கூட்டல் சங்கிலி என்ற வடிவில் வரையறுத்தார்: 1-இல் தொடங்கி, ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன் வந்த ஏதேனும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக (ஒரே எண்ணை இருமுறை கூட்டியதாகவும் இருக்கலாம்) அமையும் வரிசை. 1939-இல் ஆல்ஃபிரட் பிராவர், அடுக்கு பெரிதாகப் பெரிதாக வர்க்கங்களின் எண்ணிக்கைக்கு மேல் தேவைப்படும் கூடுதல் பெருக்கல்களை ஒப்பீட்டளவில் மிகச் சிறியதாக்கிவிடலாம் என்று நிறுவினார். பழைய முறையிலோ கூடுதல் பெருக்கல்கள் வர்க்கங்களின் எண்ணிக்கையைத் தாண்டுவதில்லை; ஆகவே அது, மிகச் சிறந்த விடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒருபோதும் செலவு வைப்பதில்லை. இவ்வளவு எளிய விதி ஒன்று இவ்வளவு நெருங்கி வருவது வியப்புக்குரியது.

இன்று இது எங்கே பயன்படுகிறது?

பூட்டும் திறவுகோலை எல்லோரும் அறிய வெளியிட்டு, திறக்கும் திறவுகோலை மட்டும் இரகசியமாக வைக்கும் பொதுத் திறவுகோல் மறையாக்கம் இதன் மேல்தான் நிற்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. என்று வழங்கும் அத்தகைய மறையாக்க முறையைப் பற்றி 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், அடுக்கை இரும வடிவில் எழுதி, முதல் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் வர்க்கமாக்கி, இலக்கம் 1 ஆனால் மேலும் ஒரு முறை பெருக்கும் படிமுறை தரப்பட்டிருக்கிறது. பிங்கலர் திரும்பி வரும் ஒழுங்கும் இதுவே. 2048 பிட் (இரும இலக்கம்) நீளமுள்ள அடுக்குக்கு இம்முறையில் அதிகபட்சம் நாலாயிரத்துச் சொச்சம் பெருக்கல்கள் ஆகும். ஒவ்வொன்றாகப் பெருக்கினால் தேவைப்படும் எண்ணிக்கையை எழுதவே 617 இலக்கங்கள் வேண்டும். பொதுத் திறவுகோலின் அடுக்காக 65537 பரவலாகப் பயன்படுவதற்கும் இதுவே காரணம்: அது 2-இன் 16-ஆம் அடுக்கோடு ஒன்று கூடியது, ஆகவே 16 வர்க்கங்களும் ஒரு பெருக்கலும் போதும்.

இந்த முறையின் ஒரு பலவீனமும் இங்கேதான் வெளிப்பட்டது. பிங்கலரின் "சூன்யம்" வரும் இடங்களில், அதாவது இரும இலக்கம் 1 ஆக உள்ள இடங்களில், மட்டும் கூடுதலாக ஒரு பெருக்கல் நடப்பதால், கணக்கிட எடுக்கும் நேரத்தை நுட்பமாக அளந்தே இரகசிய அடுக்கைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1996-இல் பால் கோச்சர் காட்டினார். அதன் பின், எந்த இலக்கம் வந்தாலும் ஒரே அளவு வேலை நடக்கும்படி நிரல்களை அமைப்பது வழக்கமாயிற்று.

எண்கள் அல்லாத பொருள்களுக்கும் இது செல்லுமா?

பெருக்கல் என்ற செயல் இருந்து, அடைப்புக்குறிகளை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்றால் போதும். அணிகள், பல்லுறுப்புக் கோவைகள், நீள்வளைகோட்டுப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் இது செல்லும். இவற்றுள் ஒன்று நம்மை மீண்டும் யாப்புக்கே கொண்டு செல்கிறது.

அசைகளை எண்ணாமல் மாத்திரைகளை எண்ணும் விருத்தங்களும் உண்டு. இலகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. மாத்திரை 1, 2, 3, 4, 5, 6 ஆகும்போது வடிவங்கள் முறையே 1, 2, 3, 5, 8, 13. யாப்பிலக்கண நூலாரான விரகாங்கர் சொல்லி வைத்த இந்த வரிசைதான் இன்று ஃபிபோனச்சி எண்கள் என்று வழங்குகிறது. ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை என்பதால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவதே வழக்கமான வழி. ஆனால் 2-க்கு 2 அணி ஒன்றை விரைவு அடுக்கேற்றம் செய்தால் இங்கும் தாண்டித் தாண்டிச் செல்லலாம். அணி தெரியாதவரும் இதைச் செய்யலாம். 12 மாத்திரை அடியை நடுவில் பிளந்து பாருங்கள். நடுவில் ஓர் அசை முடிந்தால் இருபுறமும் ஆறு ஆறு மாத்திரைகள், 13-இன் வர்க்கம் 169. நடுவில் ஒரு குரு குறுக்கே நின்றால் இருபுறமும் ஐந்து ஐந்து, 8-இன் வர்க்கம் 64. கூட்டினால் 233. இதே வழியில் 11 மாத்திரைக்கான 144-ஐயும் கையில் வைத்துக்கொண்டால், 24 மாத்திரைக்கு 233, 144 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி 75025 என்று ஒரே படியில் எழுதிவிடலாம்.